கூடுதல் பொறுப்பு, கூடுதல் ஊதியம்: வட கரோலினா ஆசிரியர் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும், அங்கே ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் சேர நினைப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி-பதில். பள்ளியிலிருந்து வரும் மடலில் 'உங்கள் மகளின் ஆசிரியர் இந்த ஆண்டு அடல்ட் லீடர்ஷிப் டீச்சர்' என்று ஒரு வரி இருக்கும். அப்படியென்றால் யார், அவர் வகுப்புக்கு வருவாரா மாட்டாரா என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். சட்டம் சொல்வதையும், நடப்பில் அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் கீழே பிரித்துச் சொல்லியிருக்கிறேன். என் கருத்து வரும் இடங்களில் அது என் கருத்து என்பது தெரியும்படியே எழுதியிருக்கிறேன்.

அட்வான்ஸ்டு டீச்சிங் ரோல்ஸ் திட்டம் என்றால் என்ன?

நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, அவரை வகுப்பறையிலிருந்து பிடுங்காமலேயே கூடுதல் பொறுப்பும் அதற்கு உரிய கூடுதல் ஊதியமும் கொடுக்கும் மாநிலத் திட்டம். வட கரோலினா சட்டத்தொகுப்பில் 115சி-311 என்ற பிரிவில் இது இருக்கிறது. ஏடிஆர் என்று சுருக்கிச் சொல்வார்கள். பள்ளி மாவட்டம் விண்ணப்பித்து, மாநிலக் கல்வி வாரியம் ஒப்புதல் கொடுத்தால்தான் திட்டம் அந்த மாவட்டத்துக்கு வரும். எல்லா மாவட்டத்திலும் தானாக அமலாகும் சட்டம் அல்ல இது. பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் பதவி உங்கள் மாவட்டத்தில் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கென்று ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

வட கரோலினாவில் ஆசிரியரின் அடிப்படைச் சம்பளத்தை நிர்ணயிப்பது மாநிலச் சட்டமன்றம். எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் பார்க்கும் ஓர் அட்டவணை உண்டு. 2024-25 கல்வியாண்டில் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு 41,000 டாலர். 25 வருடம் தாண்டியவருக்கு சுமார் 56,000 டாலர். இடையில் 15-ஆவது வருடத்திலிருந்து 24-ஆவது வருடம் வரை தொகை அசையாது, சுமார் 54,000-இலேயே நிற்கும். ஒருவர் தன் தொழிலில் நன்றாகத் தேறி நிற்கும் அந்தப் பத்து வருடத்தில் மாநிலம் தரும் உயர்வு, அட்டவணையே மாறினால் ஒழிய, பூஜ்யம்.

முதுகலைப் பட்டம் வாங்கினால் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்து வந்தது. 2013-இல் சட்டமன்றம் அதைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. தேசிய வாரியச் சான்றிதழ் (நேஷனல் போர்டு சர்டிஃபிகேஷன், அனுபவமுள்ள ஆசிரியர்கள் விரும்பிப் பெறும் உயர் சான்றிதழ்) பெற்றவர்களுக்கு 12 சதவீதம் இன்னும் உண்டு. அதைத் தவிர்த்தால், அதிகம் சம்பாதிக்க விரும்பும் ஆசிரியருக்கு இருந்த வழி அசிஸ்டென்ட் பிரின்சிபலாகவோ மாவட்ட அலுவலகத்துக்கோ போவதுதான். தமிழ்நாட்டில் இடைநிலை, பட்டதாரி, முதுகலை ஆசிரியர், தலைமை ஆசிரியர் என்று படிகள் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இங்கே முதல் நாள் சேர்ந்தவரும் முப்பது வருடம் ஆனவரும் பதவியின் பெயரில் ஒன்றேதான்: டீச்சர்.

எப்போது தொடங்கியது?

2016-இல் மாநில பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து, மூன்று வருட முன்னோடித் திட்டமாக வந்தது. ஆறு மாவட்டங்கள் முதலில் தேர்வாயின: சாப்பல் ஹில்-கார்பரோ, சார்லட்-மெக்லன்பர்க், எட்ஜ்கோம், பிட், வான்ஸ், வாஷிங்டன். பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். பணக்காரப் பல்கலைக்கழக ஊரும், பெருநகரமும், ஆசிரியர் கிடைக்காமல் தவிக்கும் கிழக்குக் கிராமப்புறக் கவுன்ட்டிகளும் கலந்து இருந்தன. பின்னர் திட்டம் நிரந்தரச் சட்டமானது. மேலும் பல மாவட்டங்கள் சேர்ந்தன.

ஆனால் சட்டத்துக்கு முன்பே நடைமுறை வந்துவிட்டது. சார்லட்டில் 2013-14-இல் நான்கு பள்ளிகள் இதே யோசனையை 'ஆப்பர்ச்சுனிட்டி கல்ச்சர்' என்ற பெயரில் ஆரம்பித்தன. பப்ளிக் இம்பாக்ட் என்ற சாப்பல் ஹில் அமைப்பு வடிவமைத்த முறை அது. அப்போது அறிவித்த 26 இடங்களுக்கு 708 விண்ணப்பங்கள் வந்தன. ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகள் அவை. சாதாரணமாக ஆசிரியர் இடம் நிரம்பவே பாடாய்ப் படும் பள்ளிகள்.

என்னென்ன பொறுப்புகள் இருக்கின்றன?

2016-இல் சட்டம் கொஞ்சம் தளர்வாக இருந்தது. அதிக மாணவர்களை எடுத்துக்கொள்வது, சக ஆசிரியர்களை வழிநடத்துவது, பள்ளிக்குள்ளேயே பயிற்சி தருவது, தரவுகளை வைத்துக் கற்பித்தலை மாற்றியமைக்கும் வேலைக்குத் தலைமை ஏற்பது என்று பல உதாரணங்களை அடுக்கி, மாவட்டமே வடிவமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. பிறகு இரண்டு பதவிகளாக இறுகியது.

முதலாவது அடல்ட் லீடர்ஷிப் டீச்சர். மூன்று முதல் எட்டு ஆசிரியர்கள் கொண்ட ஓர் அணியை நடத்துபவர். பாட நேரத்தில் குறைந்தது 30 சதவீதம் அவரே வகுப்பில் நின்று பாடம் நடத்த வேண்டும். ஆறரை மணி நேரம் பாடம் நடக்கும் நாள் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மீதி நேரத்தில் அணியில் இருப்பவர்களோடு பாடத்திட்டம் தயாரிப்பார், அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், தடுமாறும் மாணவர்களைச் சிறு குழுவாக அழைத்துச் சொல்லிக்கொடுப்பார். இதில் என் கண்ணுக்கு மிக முக்கியமான வரி வேறொன்று: அணியில் உள்ள எல்லா ஆசிரியரின் மாணவர்களுடைய தேர்ச்சிக்கும் அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறார். 'மென்டார்' என்ற பெயரில் மாதம் ஒருமுறை காபி குடித்துவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வரியில்தான் இருக்கிறது. அணியிலுள்ள புதிய ஆசிரியரின் வகுப்பு சரிந்தால் அது அவருடைய கணக்கிலும் ஏறும்.

இரண்டாவது கிளாஸ்ரூம் எக்ஸலன்ஸ் டீச்சர். இவர் யாருக்கும் தலைவர் அல்ல. மேலே சொன்ன அணியில் ஒரு உறுப்பினர். முன்பு எடுத்த மாணவர் எண்ணிக்கையைவிடக் குறைந்தது 20 சதவீதம் அதிக மாணவர்களுக்குப் பொறுப்பேற்பவர். தொடக்கப் பள்ளியில் 25 பேருக்கு 30 பேர். உயர்நிலைப் பள்ளியில் ஐந்து பிரிவுகளில் 100 பேர் என்றால் 120 பேர், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு பிரிவு.

எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்?

2023 பட்ஜெட் சட்டம் தொகையை நிர்ணயித்தது: அடல்ட் லீடர்ஷிப் டீச்சருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர், கிளாஸ்ரூம் எக்ஸலன்ஸ் டீச்சருக்கு 3,000 டாலர். இருபது வருட அனுபவம் உள்ளவருக்கு 10,000 என்பது மாநில அடிப்படைச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறிய தொகை அல்ல.

3,000 பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறார்கள், திருத்தும் தாள்கள் அதே அளவில் கூடுகின்றன, பெற்றோர் சந்திப்புகள் கூடுகின்றன. ஊதியமோ ஆறு, ஏழு சதவீதம்தான் கூடுகிறது. கணக்கு ஆசிரியர்கள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாருக்குத் தகுதி உண்டு?

மாவட்டம் வைக்கும் தேர்வு முறைதான் கடைசி வடிவம். 2016 சட்டம் அதற்கான அளவுகோல்களாகச் சிலவற்றைச் சொன்னது. தேசிய வாரியச் சான்றிதழ் போன்ற உயர் சான்றிதழ், அல்லது தான் கற்பிக்கும் பாடத்தில் முதுகலைப் பட்டம் ஒன்று. (முதுகலைக்கு ஊதியம் தருவதை நிறுத்திய மூன்றே வருடத்தில் அதே சட்டமன்றம் அதைத் தகுதியாக ஏற்றுக்கொண்டது. சட்டமன்றங்களுக்கு ஞாபகசக்தி குறைவு.) மாநில மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் ஐந்து தரங்களிலும் 'அக்கம்ப்ளிஷ்டு' நிலை அல்லது அதற்கு மேல் பெற்றிருப்பது இன்னொன்று. இவாஸ் வளர்ச்சிக் குறியீடு (விளக்கம் அடுத்த கேள்வியில்) மூன்று வருடச் சராசரியில் 1.5 அல்லது அதற்கு மேல் இருந்து, எந்த ஒரு வருடத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருப்பது மற்றொன்று. இவற்றுக்குச் சமமான திறமையை வேறு வகையில் காட்டுவதற்கும் வழி விட்டிருந்தார்கள்.

இவாஸ் என்கிறார்களே, அது என்ன?

மாணவர் தேர்வு மதிப்பெண்களை வைத்து, ஓர் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் முன்னேறினார்களா குறைவாகவா என்று மதிப்பிடும் புள்ளியியல் முறை. வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளர் டென்னசியில் உருவாக்கியது. இப்போது அதைக் கையாளுவது வட கரோலினாவின் கேரி நகரில் உள்ள சாஸ் என்ற மென்பொருள் நிறுவனம். பிள்ளை எடுத்த மதிப்பெண்ணை நேரடியாகப் பார்க்காமல், அந்தப் பிள்ளை முந்தைய ஆண்டுகளில் எங்கே இருந்தது என்பதோடு ஒப்பிடுவதால், நல்ல வசதியுள்ள பகுதி ஆசிரியருக்கு மட்டும் சாதகமாக இருக்காது என்பது ஆதரவாளர்கள் வாதம்.

எதிர்வாதமும் பலமானது. கணக்கிடும் சூத்திரம் நிறுவனத்தின் வணிக ரகசியம். தன் எண் ஏன் அப்படி வந்தது என்று ஆசிரியரால் தானே சரிபார்க்க முடியாது. டெக்சாஸின் ஹூஸ்டன் மாவட்டத்தில் இதே இவாஸை வைத்து வேலையைவிட்டு நீக்க முற்பட்டபோது ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. சரிபார்க்க வழியில்லாத எண்ணை வைத்து வேலை போகலாம் என்பது முறையான விசாரணைக்கான உரிமையை மீறக்கூடும் என்று 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. வழக்கு அதன்பின் சமரசத்தில் முடிந்தது. ஒருவரை நீக்க ஒரு எண்ணைப் பயன்படுத்துவதும், ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பல ஆதாரங்களில் ஒன்றாக அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் எண்ணை மட்டுமே பார்க்கும் மாவட்டம் என்றால் கேள்வி கேளுங்கள்.

ஓவியம், இசை, மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு இவாஸ் எண்ணே கிடையாதே?

ஆம். மாநிலத் தேர்வு இல்லாத பாடங்களுக்கும் வகுப்புகளுக்கும் எண் வராது. அவர்கள் சான்றிதழ், மதிப்பீட்டுத் தரம் போன்ற மற்ற வழிகளில்தான் வர வேண்டும். நடப்பில் பெரும்பாலான இடங்கள் வாசிப்பு, கணிதம், அறிவியல் பக்கமே போகின்றன. இசை ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் மாநிலம் கொடுத்த மானியம் திட்டத்தை வடிவமைக்கவும் தொடங்கவும் மட்டும்தான். கூடுதல் ஊதியத்தை மாவட்டமே தேட வேண்டும். எப்படித் தேடினார்கள்? ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் அல்லது விலகுகிறார். அந்த இடத்தை நிரப்பாமல், அதற்கான தொகையைப் பிரித்து மூன்று நான்கு பேருக்குக் கூடுதல் ஊதியமாகவும், ஒரு உதவியாளரின் சம்பளமாகவும் மாற்றிக்கொண்டார்கள். இடத்தை விற்றுப் பொறுப்பை வாங்குவது என்று சொல்லலாம். ஆப்பர்ச்சுனிட்டி கல்ச்சர் முறையின் அடிப்படையே இதுதான்: தற்காலிக மானியத்தை நம்பாமல், பள்ளிக்கு ஏற்கனவே வரும் பணத்துக்குள் சமாளிப்பது. மானியம் தீர்ந்த அன்று மூடப்பட்ட எத்தனையோ திட்டங்களைப் பார்த்தவர்கள் யோசித்த வழி அது. அதில் புத்திசாலித்தனம் இருக்கிறது.

விலையும் இருக்கிறது. நிரப்பாமல் விட்ட இடத்தின் மாணவர்கள் மற்ற வகுப்புகளில் பரவுகிறார்கள். பெரிய பள்ளியில் அது தெரியாது. ஒரு வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளியில் ஓர் இடத்தை விட்டுக்கொடுப்பது என்பது நடக்காத காரியம். உதவி அதிகம் தேவைப்படும் பள்ளிதான் இப்படி மாற்றிக்கொள்ள வழியில்லாமல் நிற்கும்.

2023-க்குப் பிறகு 10,000, 3,000 தொகைகளுக்கு மாநிலமே பணம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்தது. பாதி என்று சொல்வது, சட்டத்தில் 'நிதி இருக்கும் அளவுக்கு' என்ற நிபந்தனை இருப்பதால். பட்ஜெட் இழுபறியாகும் ஆண்டில் அந்தச் சொற்களுக்குத்தான் எடை அதிகம்.

ஒரு பள்ளியில் எத்தனை பேருக்கு இந்தப் பதவி கிடைக்கும்?

சட்டம் வைக்கும் உச்ச அளவு: பள்ளியின் ஆசிரியர்களில் 15 சதவீதம் வரை அடல்ட் லீடர்ஷிப், 5 சதவீதம் வரை கிளாஸ்ரூம் எக்ஸலன்ஸ். 40 ஆசிரியர் உள்ள பள்ளியில் ஆறு பேரும் இரண்டு பேரும்.

பொறுப்பு வேண்டாம் என்று விட்டுவிடலாமா? பறிக்கவும் முடியுமா?

இரண்டும் முடியும். ஆசிரியர் தானாக விலகினாலோ, தகுதி அளவுகோலை இழந்தாலோ, கூடுதல் கடமைகளைச் சரியாகச் செய்யவில்லை என்று தெரிந்தாலோ, அவருக்கு மாநில அட்டவணைப்படி வர வேண்டிய சம்பளமும் வழக்கமான உள்ளூர்ச் சலுகைகளும் மட்டும் கிடைக்கும். அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் 10,000 டாலரை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவருக்கு 'அடிப்படை பத்திரமாக இருக்கிறது' என்பது பெரிய ஆறுதலாக இருக்காது. வங்கிக்குப் போகுமுன் இந்தத் தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பொறுப்போடு கட்டப்பட்டது என்பதை மனதில் வையுங்கள்.

இது போனஸ்தானே?

இல்லை. வட கரோலினாவில் போனஸ் தனியாக உண்டு. அதே 2016-இல், மூன்றாம் வகுப்பு வாசிப்பில் வளர்ச்சிக் குறியீட்டின்படி முதல் 25 சதவீதத்தில் வரும் ஆசிரியர்களுக்கு 1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பாதித் தொகை மாநில அளவில் முன்னணியில் வந்தவர்களுக்கு, பாதி அந்தந்த மாவட்டத்தில் முன்னணியில் வந்தவர்களுக்கு. அந்தப் போனஸை ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருடம் முடிந்தபின் எண்ணைப் பார்த்துக் கொடுப்பது போனஸ். வருடம் தொடங்குமுன் வேலையைச் சொல்லிக் கொடுப்பது ஏடிஆர். ஆசிரியரின் நடத்தையில் இந்த வித்தியாசம் தெரியும்: போனஸுக்காகப் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு போட்டி போட வேண்டும், அணியை நடத்தும் பதவியில் அவரைத் தூக்கிவிட்டால்தான் தன் பெயர் நிற்கும்.

மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தால் போதாதா? எதற்கு இத்தனை பதவி?

முயன்று பார்த்தார்கள். டென்னசியின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை, நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் சுமார் 300 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு மாணவர் தேர்ச்சி உயர்ந்தால் 15,000 டாலர் வரை போனஸ். மூன்று வருட முடிவில் ஒட்டுமொத்தமாக இரு பிரிவு மாணவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆசிரியர்கள் முன்பும் சோம்பேறிகளாக இருக்கவில்லை, பணத்தைக் காட்டியதும் புதிதாக ஒரு வித்தை தெரிந்துவிடவும் இல்லை. எப்படிச் செய்வது என்று பக்கத்தில் நின்று காட்ட ஆள் தேவை.

பதவி ஏணிகளும் புதியவை அல்ல. 1984-இல் டென்னசியில் ஆளுநர் லமார் அலெக்சாண்டர் ஆசிரியர்களுக்குத் தொழில் ஏணி கொண்டுவந்தார். டெக்சாஸும் அதே ஆண்டு கொண்டுவந்து 1993-இல் கைவிட்டது. மதிப்பீட்டில் நம்பிக்கையின்மையும் வாக்களித்த பணம் முழுதாக வராததும் அந்தத் தலைமுறைத் திட்டங்களைத் தின்றன.

பலன் கிடைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, எச்சரிக்கையோடு. 2018-இல் பென் பேக்கஸ், மைக்கேல் ஹான்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று மாவட்டங்களின் தரவைப் பார்த்தார்கள். அணித் தலைவரின் கீழ் சேருமுன் சராசரி நிலையில், அதாவது நூற்றில் ஐம்பதாவது இடத்தில் இருந்த ஆசிரியர்கள், சேர்ந்தபின் கணிதத்தில் 75 முதல் 85-ஆவது இடத்தில் உள்ள ஆசிரியர்களுக்குச் சமமான முன்னேற்றத்தைத் தந்தார்கள். வாசிப்பில் பலன் சிறியது, அத்தனை உறுதியாகவும் இல்லை. கவனிக்க வேண்டியது: அதிக மாணவர்களை எடுத்துக்கொள்ளும் பொறுப்பைவிட, சிறு அணியை நடத்தும் பொறுப்புக்குத்தான் வலுவான முடிவு.

என் பிள்ளையின் வகுப்பு பெரிதாகிவிடுமா?

ஆகலாம். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வட கரோலினாவில் வகுப்பு அளவுக்குச் சட்ட வரம்பு உண்டு. ஏடிஆர் மாவட்டங்களுக்கு அதில் தளர்வு கொடுக்க வழி இருக்கிறது. கிளாஸ்ரூம் எக்ஸலன்ஸ் டீச்சரின் வகுப்பில் பிள்ளை இருந்தால் எண்ணிக்கை கூடும் என்பது பதவியின் விளக்கத்திலேயே இருக்கிறது. திறமையான ஒருவரிடம் முப்பது பேரில் ஒருவராகப் படிப்பதா, அனுபவம் குறைந்தவரிடம் இருபது பேரில் ஒருவராகப் படிப்பதா என்றால், மேல் வகுப்புகளில் நான் முதலாவதைத் தேர்வேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டேன்.

மற்ற மாநிலங்களில் எப்படி?

அயோவா 2013-இல் சட்டம் போட்டு, 2016-17-க்குள் எல்லா மாவட்டத்தையும் சேர்த்துவிட்டது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாநிலமே தொடர்ந்து பணம் தருகிறது. சட்டம் காட்டிய மாதிரி ஒன்றில் மாடல் டீச்சருக்கு 2,000 டாலரும் ஐந்து கூடுதல் வேலை நாளும், மென்டாருக்கு 5,000-மும் பத்து நாளும், லீட் டீச்சருக்கு 10,000-மும் பதினைந்து நாளும். கூடுதல் வேலையை நாள்கணக்கில் எழுதிவைத்தது எனக்குப் பிடித்த அம்சம். மற்ற மாநிலங்கள் அதை மறந்துவிட்டன.

டெக்சாஸ் வேறு பாதை. 2019-இல் வந்த ஹவுஸ் பில் 3, பொறுப்பைப் பார்க்காமல் ஆளுக்குப் பட்டம் கொடுத்தது: ரெகக்னைஸ்டு, எக்ஸெம்ப்ளரி, மாஸ்டர். பட்டம் ஐந்து வருடம் நிற்கும். ஆசிரியர் வேலை செய்யும் பள்ளி எவ்வளவு ஏழ்மையானது, எவ்வளவு கிராமப்புறம் என்பதைப் பொறுத்து மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 3,000 முதல் 32,000 டாலர் வரை என்று தொடங்கினார்கள். அதில் 90 சதவீதமாவது அந்தப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்துக்குப் போக வேண்டும். ஏழைப் பள்ளிக்குப் போகும் நல்ல ஆசிரியருக்கு அதிகம் என்ற கணக்கு வட கரோலினா சட்டத்தில் இல்லாத ஒன்று.

மேரிலாந்து தேசிய வாரியச் சான்றிதழை நடுவில் வைத்தது: சான்றிதழுக்கு 10,000, பின்தங்கிய பள்ளியில் வேலை செய்தால் மேலும் 7,000. ஆனால் அங்கே 2026 ஜூலையிலிருந்து ஆரம்பச் சம்பளமே 60,000 ஆக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடித்தளம் போட்டுவிட்டு மாடி கட்டுகிறார்கள்.

சங்கம் பேரம் பேசி இதைவிட நல்ல ஏற்பாடு வாங்க முடியாதா?

வட கரோலினாவில் முடியாது. அரசு ஊழியர்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்வதை 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆசிரியர் அமைப்புகள் உண்டு, குரல் கொடுக்கும், கையெழுத்திட மேசை கிடையாது. அதனால்தான் இங்கே எல்லாமே பட்ஜெட் சட்டத்தின் உட்பிரிவாக வருகிறது.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முக்கியமாக ஒன்று: எல்லோருடைய சம்பளத்தையும் உயர்த்தாமல், ஐந்தில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து விஷயத்தை மூடப் பார்க்கிறார்கள் என்று. 2022-இல் உரிமத்தையும் ஊதியத்தையும் திறமையோடு இணைக்கும் பெரிய மாற்றம் ஒன்றை மாநில அளவில் முன்வைத்தபோது ஆசிரியர்கள் கடுமையாக எதிர்த்ததும் இந்தச் சந்தேகத்தால்தான். அட்டவணை பத்து வருடம் அசையாமல் இருக்கும் மாநிலத்தில் அந்தச் சந்தேகத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். அணி முறை நல்லது; அது சம்பள உயர்வுக்கு மாற்று என்று வரும்போது நல்லதல்ல.

சார்ட்டர் பள்ளிகளுக்குப் பொருந்துமா?

இந்தச் சட்டம் மாவட்டப் பள்ளிகளுக்கானது. சார்ட்டர் என்பவை அரசுப் பணத்தில், ஆனால் மாவட்டத்துக்கு வெளியே தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள். சார்ட்டர் பள்ளிகளை மாநில ஊதிய அட்டவணையே கட்டுப்படுத்தாது; அவை தாங்களே முடிவு செய்துகொள்ளும்.

எனக்கு இந்தப் பதவி தர முன்வந்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளுமுன் என்ன கேட்க வேண்டும்?

அணியில் எத்தனை பேர், அவர்களில் முதல் வருட ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர் புதியவர்கள் என்றால் 10,000 டாலரும் போதாது. வாரத்தில் எந்தெந்த மணி நேரம் உங்களுக்கு வகுப்பில்லாமல் விடப்படும் என்பதை டைம்டேபிளில் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள உங்களை அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். சப்ஸ்டிடியூட் கிடைக்காத நாளில் முதலில் பறிபோவது அணித் தலைவரின் நேரம்தான். தொகை மாதச் சம்பளத்தோடு வருமா, தவணையாக வருமா, ஓய்வூதியக் கணக்கில் சேருமா என்பதை மாவட்ட நிதிப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநில நிதி குறைந்தால் மாவட்டம் தன் கையிலிருந்து கொடுக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

மாவட்டக் கல்வி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பேசவும் நேரம் ஒதுக்குவார்கள். உங்கள் மாவட்டம் ஏடிஆரில் இல்லையென்றால் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்கலாம். இருந்தால், உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடங்கள் இதற்காக நிரப்பப்படாமல் விடப்பட்டன என்று கேளுங்கள். பிள்ளையின் ஆசிரியர் அடல்ட் லீடர்ஷிப் டீச்சர் என்றால், அவர் இல்லாத நேரத்தில் வகுப்பில் யார் நிற்கிறார், அவருக்கு ஆசிரியர் உரிமம் இருக்கிறதா என்று பிரின்சிபலிடம் கேட்பதில் தவறே இல்லை.